சுவரில் நான்கு வருடங்கள்

முட்டைக்கும் மார்க்குக்கும் பேர்போன மாவட்டத்தில் குடியிருந்துகொண்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துவதற்கு ஒன்று பைத்தியம் பிடித்திருக்க வேண்டும், இல்லை நெஞ்சழுத்தம் இருக்க வேண்டும். தனப்பிரியாவுக்கு இரண்டும் இருப்பதாக ஜேடர்பாளையம் சுற்றுவட்டாரம் முடிவு கட்டியிருந்தது. வெளியூர்க்காரர்கள் எல்லாம் காட்டை விற்றுப் பணம் புரட்டி, பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து விடுதியில் தள்ளிவிட்டுப் போகிறார்கள். இவளோ கைக்கெட்டும் தூரத்தில் அத்தனை பள்ளிகளையும் வைத்துக்கொண்டு, வீட்டுக் கூடத்துச் சுவரில் நாலு காலண்டர் தாளைத் திருப்பி ஒட்டி அதில் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறாள் என்றது ஊர். ஊருக்குப் பழமொழிக்கா பஞ்சம்?

காலண்டர்கள், ஆத்தூரில் ஜவ்வரிசி மில்லில் வேலை பார்க்கும் அவள் அப்பா தை மாதம்தோறும் கொடுத்தனுப்பியவை. கனமான வழவழப்புத் தாள். முன்பக்கம் லட்சுமி, பின்பக்கம் வெறும் வெள்ளை. நாலு லட்சுமிகளையும் சுவரைப் பார்க்க வைத்து ஒட்டிய அன்று மாமனார் அப்புசாமி முகம் சுளித்தார். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. மருமகளிடம் குரல் உயர்த்துகிற மனிதர் இல்லை அவர்.

ஒரு தாள் ஒரு வருடம். முதல் தாள் கல்லாயுதத்தில் தொடங்கி, சிந்துவெளி, எகிப்து, ஆதிச்சநல்லூர், கீழடி என்று வந்து கொல்லிமலை ஓரியோடு நிற்கும். இரண்டாவதில் நாமக்கல் மலைக் குடைவரை, பல்லவர், சோழர், கடல் தாண்டி வந்த அரபு வணிகர்கள். மூன்றாவதில் விஜயநகரம், நாயக்கர்கள், இவர்கள் வாழைக்கே தண்ணீர் விடுகிற ராஜா வாய்க்கால், சங்ககிரிக் கோட்டை, கம்பெனிக்காரன். நாலாவதில் ரயில், பஞ்சம், விடுதலை, மேட்டூர் அணை, லாரி, ரிக் வண்டி, கடைசி வரியில் சபரிநாதன். ஆமாம், மனித குல வரலாற்றின் கடைசி வரியில் அவள் புருஷன் பெயர்தான் இருந்தது. போர்வெல் ரிக்கோடு சத்தீஸ்கரில் தூசி தின்றுகொண்டிருக்கும் தங்கள் அப்பனும் வரலாறுதான் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்பாள்.

சேலத்தில் வரலாறு எம்.ஏ. படித்தவள். படித்த கையோடு கல்யாணம். பட்டம் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது. இத்தனை வருடம் கழித்து அந்தப் படிப்பு கைக்கு வந்ததும் ஆசை அடங்கவில்லை. கவினுக்குப் பத்து வயது, கனிஷ்காவுக்கு ஆறு. இருவரையும் ஒரே காலத்தில் நடத்திக்கொண்டு போக வேண்டும் என்பது அவள் கணக்கு. அண்ணன் சோழனிலும் தங்கை கற்காலத்திலும் இருந்தால் ஒரு வீட்டில் எப்படிப் பேசிக்கொள்வார்கள்? நாலு வருடம் முடிந்ததும் மறுபடி கற்காலத்துக்கே திரும்பி இன்னும் ஆழமாக உழ வேண்டும். ஆறு வயதில் கதை, பத்து வயதில் கேள்வி, பதினாலு வயதில் சண்டை. அப்படித்தான் வரலாறு பிள்ளைக்குள் இறங்கும் என்பாள். பாடப்புத்தகம் போல அங்கே ஒரு ராஜா, இங்கே ஒரு போர் என்று தாவக் கூடாது. முதலிலிருந்து, வரிசையாக, எதையும் விடாமல். திப்புவை மூன்றாம் வருடக் கடைசியில் வைப்பதா, நாலாம் வருடத் தொடக்கத்தில் வைப்பதா என்று ஒரு வாரம் சோறு தண்ணி இறங்காமல் யோசித்தாள். பாவம், அந்தக் கவலையெல்லாம் எதற்கு என்று இப்போது தோன்றுகிறது.

இத்தனையும் எதனால் வந்தது என்றால் ஒரு பரீட்சைக் கேள்வியால். பழைய கற்கால மனிதன் எதைக் கண்டு அஞ்சினான்? இடி, மின்னல் என்று எழுத வேண்டும். கவின், 'தெரியாது. அவன் எழுதி வைக்கவில்லை' என்று எழுதினான். சைபர். அதோடு விட்டிருக்கலாம். வகுப்பின் முன்னால் நிறுத்தி வாசித்துக் காட்டினார்கள். சரியான விடையைப் பக்கம் பக்கமாக எழுதச் சொன்னார்கள். அதற்கப்புறம் பையன் புத்தகத்தைத் திறந்தால் கை புருவத்துக்குப் போகும். ஒவ்வொரு முடியாகப் பிடுங்குவான். அரையாண்டுக்குள் இடது புருவமே இல்லாமல் போயிற்று. வீடியோ காலில் மகனைப் பார்த்த சபரிநாதன் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தான். பிறகு, "ஒரு வருசம் ஊட்டுலயே இருக்கட்டும் விடு" என்றான். அவன் சொன்னது ஒரு வருடம். இவள் காதில் விழுந்தது நாலு.

புருவம் முளைத்துவிட்டது. அது ஒன்றுதான் அந்த வருடம் அந்த வீட்டில் கண்கூடாக விளைந்தது.

சுவரில் எழுதுவதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தாள். ஆதாரம் இருப்பதைப் பேனாவில் எழுத வேண்டும். யாரோ சொன்னார்கள், பாட்டில் வருகிறது, ஊரில் பேசிக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் பென்சில். பென்சிலில் எழுதியதெல்லாம் பொய் என்று இல்லை. நிஜமாகவும் இருக்கலாம், ஆனால் காட்ட முடியாது. ஓரி விட்ட ஒரே அம்பு யானையையும் புலியையும் துளைத்துக்கொண்டு போனது பென்சில். மரவள்ளிக் காட்டில் உழும்போது கிளம்புகிற கறுப்பு சிவப்புப் பானை ஓடு பேனா. 'வாய் பொய் சொல்லும், ஓடு பொய் சொல்லாது' என்று அவளே ஒரு பழமொழியும் கட்டி வைத்திருந்தாள்.

கவினுக்கு இது பிடித்துப்போயிற்று. காட்டில் ஓடு கிடைத்தால் துடைத்து எடுத்துக்கொண்டு தாத்தா அப்புசாமியிடம் ஓடுவான். "அப்பாரு, இது பேனா!" என்பான். அவர், "நெம்ப சந்தோசம் சாமி, இதுல சோறாக்க முடியுமா?" என்று கேட்பார். அவன் சிரிப்பான். பேரன் சிரிக்கிறானே என்று அவரும் சிரிப்பார்.

தையில் திருச்செங்கோட்டில் வசந்தாமணி வீட்டுப் பால்காய்ச்சு வந்தது. வசந்தாமணி சபரிநாதனின் அக்கா; தனப்பிரியாவுக்கு நங்கையா முறை. மகனை விடுதிப் பள்ளியில் போட்டு டாக்டருக்குப் படிக்க வைத்துவிட்ட மிதப்பு அவளுக்கு. பந்தியில் இலை போட்டாயிற்று. எதிர் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கவினைப் பார்த்து, "எந்த ஸ்கூலு சாமி?" என்றார்.

"ஊட்டுலதானுங்க படிக்கறேன்."

"ஊட்டுலயா? என்ன படிக்கறே?"

"கற்காலம் முடிச்சுப்போட்டனுங்க. இப்ப ஓரிகிட்ட வந்திருக்கறோம்."

வரிசை முழுக்கச் சிரிப்பு. "அப்புசாமி பேரன் காலேஜுக்கு வாரதுக்குள்ள நமக்கெல்லாம் கருமாதி ஆயிரும் போ" என்றார் ஒருத்தர். வசந்தாமணி பாயசத்தோடு வந்து, "கற்காலத்துக்கு இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்றாள். அன்றைக்கு வைத்த பெயர் சொந்தபந்தம் முழுக்க ஒட்டிக்கொண்டது. கவின் தலை நிமிராமல் சாப்பிட்டான். அப்புசாமி இலையை மடித்துவிட்டு எழுந்துகொண்டார். மேல்பக்கம் மடித்தாரா கீழ்ப்பக்கம் மடித்தாரா என்றுகூடப் பார்க்கவில்லை.

சித்திரை பிறந்ததும் ஆறாம் வகுப்புக்கு, விடுதியோடு சேர்த்து, ஓர் இடத்தைப் பேசி முடித்துவிட்டு வந்தார். கனிஷ்காவுக்குப் பக்கத்திலேயே, வேன் வரும் பள்ளி. விடுதி என்ற சொல் காதில் விழுந்த கணம் கவினின் விரல் இடது புருவத்துக்குப் போனதைத் தனப்பிரியா பார்த்தாள்.

மாட்டுக் கொட்டாயில் அவருக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பேச்செடுத்தாள். பிள்ளைகள் காட்டில் இருந்தார்கள்.

"மாமா, நாலு வருஷம் குடுங்க. இப்பத்தான் பையன் வாயத் தொறந்து கேள்வி கேக்கறான். நடுவுல அறுத்துட்டா மறுபடி ஒட்டாது."

"அம்மிணி, நான் உன்னையக் கொறை சொல்லல. நீ சொல்லிக் குடுக்கறது எனக்கே கேக்க நல்லாத்தான் இருக்குது. ஆனா நாளைக்கு இவனுக்குப் பொண்ணுக் குடுக்கறவன், பையன் என்ன படிச்சான்னு கேட்டா, ஓடு பொறுக்குனான்னா சொல்றது? ஊரோட ஒத்து வாழோணுமல்லோ?"

"அவன் அங்க போனா பழையபடி ஆயிடுவான் மாமா. புருவத்தைப் பார்த்தீங்கல்ல?"

அப்புசாமி காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, "உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். ஆத்தாகிட்டயே பூவாக்குக் கேட்டுப்போடலாம்" என்றார். "பசங்க ஊட்டுலயே படிக்கட்டுமான்னு கேப்போம். வெள்ளப்பூ வந்துச்சுன்னா இந்த சென்மத்துல நான் பள்ளிக்கொடம்னு வாயத் தொறக்க மாட்டேன். செவப்பு வந்துச்சுன்னா நீ தொறக்கப்படாது."

பூவாக்கு என்பது அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் பெரிய கோர்ட்டு. வெள்ளைப்பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப்பூவை இன்னொரு பொட்டலமாகவும், வெளியே தெரியாமல் இலையில் கட்டி சாமி முன்னால் வைப்பார்கள். காரியத்தைச் சொல்லிக் கேட்டுவிட்டு, சின்னப் பிள்ளை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. சிவப்பு வந்தால் இல்லை. அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அடிமாட்டு விலைக்கு வந்த பக்கத்துத் தோட்டத்தை, சிவப்பு வந்த ஒரே காரணத்துக்காகக் கைகழுவியவர் அப்புசாமி. ஆகவே சொன்னால் சொன்னதுதான்.

அன்று மாலை சபரிநாதனுக்குப் போன் போட்டாள்.

"அப்பா சொல்றதுலயும் ஞாயம் இருக்குது பிரியா. நீ ஒரு வருசம்னுதான கேட்டே?"

"நான் எங்க கேட்டேன்? நீங்கதான் ஒரு வருஷம்னு சொன்னீங்க."

பின்னால் ரிக் ஓடுகிற இரைச்சல். "செரி, ஆத்தா பாத்துக்குவா" என்று அவன் சொன்னதோடு லைன் அறுந்தது. அவளுக்கென்று பேச அந்த வீட்டில் யாருமில்லை. சுவர் ஒன்றுதான் இருந்தது.

அந்தக் குடும்பத்தில் பொட்டலத்தைக் குளித்துமுழுகிய மருமகள் கையால்தான் கட்ட வேண்டும். வைகாசி வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்துவிட்டுத் தனப்பிரியா தாம்பாளத்தோடு சமையல்கட்டில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் நந்தியாவட்டை, ஒரு பக்கம் செம்பருத்தி, நடுவில் வாழையிலைத் துண்டுகள். கவின் எதிரில் உட்கார்ந்து வாழை நார் கிழித்துக் கொடுத்தான். அவள் தொடாமல் பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டில் ஒன்று. நாலு வருடமும் ஒரு குழந்தையின் கை எந்தப் பக்கம் போகிறது என்பதில் நிற்கிறது. தாங்க முடியவில்லை.

"போய் இன்னும் ரெண்டு நார் கிழிச்சிட்டு வா கண்ணு" என்றாள்.

"இருக்குதேம்மா?"

"வேணும். போ."

அவன் போனதும் இரண்டு இலையிலும் நந்தியாவட்டையை வைத்துக் கட்டினாள். செம்பருத்தியைக் கை நிறைய அள்ளி, பின்வாசல் வழியாகப் போய் எருமைத் தொட்டியில் போட்டாள். தவிட்டுத் தண்ணீரோடு சேர்த்து எருமை அதையும் உறிஞ்சிவிட்டது. சாமி நம்பிக்கை இல்லாதவள் அல்ல. 'ஆத்தா, உன்னை ஏமாத்தல. உன் வேலையைக் குறைச்சுக் குடுக்கறேன்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். கவின் திரும்பி வந்தபோது தாம்பாளத்தில் பொட்டலங்கள் மட்டும் இருந்தன. கொண்டுவந்த நாரை அவன் பழைய நாரின் பக்கத்தில் வைத்தான்.

ஆற்றோரத்துச் செல்லாண்டியம்மன் கோயிலில் கூட்டமில்லை. பூசாரி பொட்டலங்களை வாங்கிக் குலுக்கி அம்மன் காலடியில் வைத்தார். கற்பூரம் காட்டினார். "என்னன்னு கேக்கட்டுங்க?" என்றார்.

"பசங்க ரெண்டு பேருத்தையும் ஊட்டுலயே வெச்சுப் படிக்க வெக்கலாமான்னு கேளுங்க" என்றார் அப்புசாமி.

பூசாரி தட்டைக் கீழே வைத்தார். "இப்ப எங்க படிக்கறாங்க?"

"ஊட்டுலதான்."

"அதெப்பிடிங்க கேக்கறது? நடந்துட்டிருக்கற காரியத்துக்கு உத்தரவு கேக்கறதில்லீங்க. புதுசாச் செய்யப்போற காரியத்துக்குத்தான் வாக்கு. பொழங்கற கெணத்துக்கு யாராச்சும் தண்ணிக்குறி பாப்பாங்களா?"

அப்புசாமி தலையைச் சொறிந்தார். "அதுஞ் செரிதான். இத்தன காலங் கேட்டிருக்கறேன், எனக்குத் தோணல பாருங்க. அப்ப இப்பிடிக் கேளுங்க. பசங்களப் பள்ளிக்கொடத்துல சேத்தலாமா?"

தனப்பிரியா ஓரடி முன்னால் வந்தாள். "மாமா, வீட்டுலயே படிக்கலாமான்னுதானே கேக்கறதா இருந்துச்சு…"

"ரெண்டும் ஒண்ணுதான் அம்மிணி. அதுக்கு வெள்ளைன்னா இதுக்குச் செவப்பு. உனக்கு இருக்கற சான்சு அப்பிடியேதான் இருக்குது."

இரண்டும் ஒன்றல்ல என்று அந்தக் கோயிலில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். பூசாரி உரக்கக் கேட்டார். கனிஷ்கா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனாள். இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று விரலை ஆட்டினாள். அப்புசாமி கண்ணை மூடியிருந்தார். உதடு துடித்தது. உண்மையிலேயே அவர் சாமிக்குக் காத்திருந்தார். பொட்டலம் இரண்டிலும் வெள்ளைதான் என்று கத்திவிடலாமா என்று தனப்பிரியாவுக்கு நாக்கு வரைக்கும் வந்தது. குலதெய்வத்தின் வாக்கையே திருடப் பார்த்தவள் என்று ஆன பிறகு அந்த வீட்டில் எந்த முகத்தோடு நிற்பது? நாக்கு உள்ளேயே ஒட்டிக்கொண்டது. கனிஷ்கா இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தாள்.

வெள்ளை. வேறு என்ன வரும்?

அப்புசாமி நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார். கண்ணில் தண்ணீர். "மனசுல வெச்சுக்காத அம்மிணி. நானாச் சொல்லல, ஆத்தா சொல்லிப்போட்டா" என்று மருமகளைப் பார்த்துக் கை கூப்பினார். அவளும் கூப்பினாள். சும்மா இருந்திருந்தால் பாதி வாய்ப்பாவது மிஞ்சியிருக்கும். அந்தப் பாதியையும் தன் கையால் நார் போட்டுக் கட்டிக் கொடுத்தவள் அவள்தான். தன் வாயில் தானே மண் போட்டுக்கொள்வது என்பதை அன்றுதான் முழுசாகப் புரிந்துகொண்டாள்.

மிஞ்சிய பொட்டலத்தைப் பூசாரி வேப்ப மரத்தடியில், வாடிய மாலைகளோடு வீசினார். எல்லாரும் காருக்கு நடந்தார்கள். கவின் மட்டும் செருப்பு மாட்டுகிறேன் என்று பின்தங்கினான்.

வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்க்கச் சகிக்கவில்லை அவளுக்கு. ஓரி பாதியில் நின்றிருந்தான். மற்ற மூன்று தாள்களில் தலைப்புகளுக்குக் கீழே கோடுகள் நிரப்பப்படாமல் இருந்தன. நகத்தை விட்டு ஒரு முனையைக் கிளப்பி நாலையும் உரித்தாள். சுண்ணாம்பு பெயர்ந்து வந்தது.

"எதுக்கும்மா எடுக்கறே?" என்றான் கவின்.

"இனி எதுக்கு?" என்றாள். குரல் எரிச்சலாக வந்தது. எரிச்சல் தன் மேல்தான். அது அவனுக்கு எப்படித் தெரியும்?

அதன்பிறகு அவள் செய்ததெல்லாம் எல்லா அம்மாக்களும் செய்வதுதான். இரும்புப் பெட்டி வாங்கினாள். சீருடையில் பெயர் தைத்தாள். புத்தகங்களுக்குப் பழுப்பு அட்டை போட்டாள். அழுதால் பையன் பயந்துவிடுவான் என்று அவன் முன்னால் சிரித்த முகமாகவே நடமாடினாள். நல்ல பெட்டியாகப் பார்த்து வாங்கியிருக்கிறோம் பார் என்று பூட்டைத் திறந்து காட்டினாள். அவன் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டான். ஓரியையாவது முடித்துவிடலாம் என்று ஒருநாள் கூப்பிட்டபோது, "வேண்டாம்மா" என்றான். விடுதிப் பயம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். புருவத்தைத் தினமும் பார்த்தாள். இருந்தது.

ஜூனில் பள்ளி திறந்த அன்று அப்புசாமியே காரில் கூட்டிக்கொண்டு போனார். விடுதி வராந்தா முழுக்கப் பெட்டிகள், பக்கெட்டுகள், அழுகிற தாய்மார்கள். அப்புசாமி வார்டன் அறைக்குள் போனார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் சிரித்துப் பேசுவது தெரிந்தது. தாயும் மகனும் ஒரு தூணோரம் பெட்டி மேல் உட்கார்ந்தார்கள்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு கண்ணு."

ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து, காய்ந்து முறுகிய வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்தான். "இது கோயில்ல கனிஷ்கா எடுக்காத பொட்டலம். மரத்தடியில இருந்து எடுத்தேன்." பிரித்தான். உள்ளே பழுப்பேறிய நந்தியாவட்டை. "அன்னிக்கே பிரிச்சுப் பாத்தேன். நல்ல வெள்ளையா இருந்துச்சு."

தனப்பிரியாவின் கை இலையை மூடப் போனது.

அவன் குரல் உயரவில்லை. மரவள்ளிக் காட்டில் ஓடுகளை வரிசை வைக்கச் சொல்லிக் கொடுத்தாளே, அதே மாதிரி ஒவ்வொன்றாக வைத்தான். "ரெண்டுலயும் வெள்ளதான் இருந்திருக்குது. கட்டுனது நீ. நார் இருந்துச்சு, ஆனா என்னைய வெளிய அனுப்பிட்டே. பள்ளிக்கொடத்துல சேத்தலாமான்னு கேட்டாங்க. எத எடுத்தாலும் சேத்தலாம்னுதான் வரும். ஊட்டுக்கு வந்ததும் சொவுத்துல இருந்ததையும் நீயே உரிச்சுட்டே." இலையை அவள் பக்கம் நகர்த்தினான். "என்னைய வெச்சிருக்க முடியலைன்னா எங்கிட்டயே சொல்லியிருக்கலாமல்லம்மா? நானே போறேன்னு சொல்லியிருப்பேன்."

"ஐயோ, இல்ல கண்ணு. இல்ல சாமி." அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "வீட்டுலயே படிக்கட்டுமான்னுதான் அப்பாரு கேக்கறதா இருந்துச்சு. அதுக்காகத்தான் ரெண்டுலயும் வெள்ளை வெச்சேன். உன்னை என்கூடவே வெச்சுக்கத்தான் வெச்சேன். பூசாரி கேள்வியை மாத்திட்டாரு. நீயும்தானே அங்க நின்ன?"

"அப்பாரு மொதல்ல அப்பிடித்தான் கேட்டாரு. ஆனா பூசாரி அத ஒத்துக்க மாட்டாருன்னு உனக்குத் தெரியாதுன்னு நான் எப்பிடி நம்பறது?"

"எங்க ஊர்ல இந்த வழக்கமே இல்ல கண்ணு. எனக்குத் தெரியாது. கொட்டாயில வெச்சு அப்பாரு என்கிட்ட சொன்னதை அப்படியே நம்பிட்டேன்."

அவன் நம்ப ஆசைப்பட்டான். அது முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. கல்வெட்டுப் படத்தை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டும்போது வருகிற அதே முகம். எழுந்து நின்றான். "அப்ப அப்பாருகிட்டக் கேக்கலாமா? ரெண்டும் வெள்ளைன்னு சொல்லி, கொட்டாயில நீங்க என்ன பேசுனீங்க, எங்கம்மாளுக்குப் பூவாக்கு தெரியுமா தெரியாதான்னு கேக்கறேன். அவரு சாட்சி சொன்னாப் போதும்."

தனப்பிரியா கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். உள்ளே அப்புசாமி, ஆத்தாளே உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று வார்டனிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு கையையும் நெஞ்சில் வைத்திருந்தார். தோட்டத்தையே விட்டுக்கொடுத்த மனிதர். இதைக் கேட்டால் அந்த இடத்திலேயே உடைந்துபோவார். ஊர் என்ன சொல்லும், வசந்தாமணி என்ன சொல்லுவாள், சத்தீஸ்கரிலிருந்து சபரிநாதன் என்ன கேட்பான் என்றெல்லாம் ஒரே நொடியில் ஓடியது. இத்தனைக்கும் மகன் கேட்டது ஒரே ஒரு சாட்சி.

"வேண்டாம் கண்ணு" என்றாள். "அப்பாருகிட்டக் கேக்க வேண்டாம்."

கவின் மறுபடி பெட்டி மேல் உட்கார்ந்தான். பிறகு இலையை மடித்து, நாரைச் சுற்றி, பொட்டலத்தை அவள் மடியில் வைத்தான். இடது கை மெதுவாகப் புருவத்துக்குப் போனது.

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேனுங்க" என்றான். அவளிடம் அவன் அப்படி மரியாதை போட்டுப் பேசியதே இல்லை. "ஆனா நீங்க சொன்னது பென்சில்தானுங்கம்மா."

வார்டன் வெளியே வந்து ஆறாம் வகுப்புப் பையன்களைக் கூப்பிட்டார். அவள் எழுந்ததும் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நின்றான்.